புதையல் யாருடையது? — 'அன்சார்ட்டட்' என்னும் விளையாட்டைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

புதையல் தேடும் கதையை வெறுக்கும் மனிதரைக் காண்பது அரிது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் பூதம் காத்த கொப்பரையும், நாகம் சுற்றிக் கிடந்த குடமும் வாராத கதைகள் சிலவே. எழுத்தறியாதார் அவற்றைக் காதாரக் கேட்டு மகிழ்ந்தனர். எழுத்தறிந்தார் அதே பொருளை அச்சிட்ட நூல்களிற் படித்து மகிழ்ந்தனர். ஸ்காட்லாந்து தேசத்து ஸ்டீவன்ஸன் 'புதையல் தீவு' என்னும் நாவலை 1883-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹாகார்ட் என்பார் 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்' என்னும் நாவலை எழுதினார். 1981-ம் ஆண்டில் அதே ஆசை இந்தியானா ஜோன்ஸ் என்னும் பெயருடன் கையிற் சாட்டை பிடித்துச் சினிமாத் திரையில் தோன்றியது. 1996-ம் ஆண்டில் 'டூம் ரெய்டர்' என்னும் பெயரால் வீடியோ விளையாட்டாக உருவெடுத்தது. 2007-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள 'நாட்டி டாக்' என்னும் கம்பெனி இவ்வழியிலேயே 'அன்சார்ட்டட்' என்னும் விளையாட்டு வரிசையைத் தொடங்கியது. வரைபடத்திற் குறிக்கப்படாத இடம் என்பதே அச்சொல்லின் பொருள்.

விளையாட்டைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று சிலர் வினவக் கூடும். கதை ஏட்டில் வந்தாலும், மேடையில் வந்தாலும், கண்ணாடித் திரையில் வந்தாலும் கதையேயாம். பட்டணத்து அடுக்கு வீடாயினும் தோட்டத்து வீடாயினும், இன்று எத்தனையோ வாலிபர் உள்ளத்திற் புகும் முதற் பெருங்கதை இவ்வகை விளையாட்டேயாகிறது. புகுவது யாது என்று பார்ப்பது பெரியோர் கடன். பாராமலே 'காலத்தைப் பாழாக்கும் பேய்' என வைவதும் சோம்பல். பாராமலே 'இக்காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான்' எனக் கைவிடுவதும் சோம்பலே.

என் தமக்கை மகன் இவ்வரிசையின் நான்காம் கதையை ஆடத் தொடங்கியபோது, அவனைக் கண்டித்துத் திருத்தும் எண்ணத்துடனேயே நான் அருகில் அமர்ந்தேன். முதல் நாள் இரவில், மலைப்பாறை ஒன்றின் விளிம்பில் கதாநாயகன் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கண்டிக்க வாயெடுத்த நான், "தம்பி, இடப்புறம் ஒரு பிளவு தெரிகிறதே, அங்கே தாவினால் என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். அப்பள்ளி விடுமுறை முழுதும் நானும் அவனுடன் மலை ஏறினேன். ஆகவே, யான் எழுதுவது தூரத்தில் நின்று பார்த்தவனின் தீர்ப்பன்று. அச்சுவையை அறிந்தவனின் கருத்தேயாம்.

கைக்கு எட்டாத பொன்

இவ்வரிசையின் கதாநாயகன் நேதன் டிரேக் என்பவன். பெற்றோரின்றி வளர்ந்தவன், நகைச்சுவையாகப் பேசுபவன், சரித்திரம் அறிந்தவன், திருடன். 1596-ம் ஆண்டில் பனாமாக் கரையோரத்திற் கடலில் அடக்கம் செய்யப்பெற்ற ஆங்கிலக் கடலோடி பிரான்ஸிஸ் டிரேக்கின் வழித்தோன்றல் எனத் தன்னைக் கூறிக்கொள்பவன். முதற் கதையில் அக்கடலோடியின் சவப்பெட்டியைக் கடலடியிலிருந்து எடுத்து, எல்டொராடோ என்னும் பொன்னுருவத்தைத் தேடிச் செல்கிறான். 2009-ம் ஆண்டில் வந்த இரண்டாம் கதையில், மார்க்கோ போலோவின் காணாமற் போன கப்பல்களைத் தொடர்ந்து இமயத்துக்கு அப்பாலுள்ளதாகக் கூறப்படும் ஷம்பாலா நகரை அடைகிறான். 2011-ம் ஆண்டின் மூன்றாம் கதையில், அரபு நாட்டுப் பெருமணலில் மறைந்த தூண்களின் நகரைக் காண்கிறான். 2016-ம் ஆண்டின் நான்காம் கதையில், ஹென்றி ஏவரி என்னும் கடற்கொள்ளைக்காரனின் செல்வத்தைத் தேடி மடகாஸ்கருக்குப் போகிறான்.

இந்நான்கு கதைகளுக்கும் பொதுவாய ஒரு முடிவு உண்டு. பொன்னுருவம் கடலில் ஆழ்கிறது. இமயத்து நகரம் இடிந்து விழுகிறது. மணல் நகரம் மீண்டும் மணலுக்குள் அமிழ்கிறது. ஏவரியின் கப்பல் குகையோடு தீயிலும் நீரிலும் அழிகிறது. கதாநாயகன் கைக்கு எட்டுவன சிற்சில பொருள்களே. பேராசையோடு முன்னே ஓடியவன் அப்பொருளாலேயே மடிகிறான். நான்காம் கதையில் ராஃபே என்னும் செல்வன் உச்சியில் தொங்கிய பொன் மூட்டை தன்மேல் விழுந்து நசுங்கிச் சாகிறான். செல்வம் அவனுக்குக் குறைவன்று. பிறர் காணாததைத் தான் கண்டான் என்னும் பெயரே அவனுக்குக் குறை. அக்குறையே அவனைக் கொன்றது.

பொன் கிடைப்பதில்லை என்பது ஒவ்வொரு கதைக்குப் பின்னும் தெளிவாகியும், அடுத்த கதை வந்தவுடன் இலட்சக் கணக்கானோர் அதனை ஆவலோடு ஆடியது ஏன்? இவ்வினாவே நம் ஆராய்ச்சியின் திறவுகோல்.

கையால் படிக்கும் கதை

விடை எளிது. ஆடுபவனுக்கு வேண்டுவது பொன்னன்று, தேடுதலே. அத்தேடுதல் அவன் கைகளின் வழியாக நிகழ்கிறது. நாவலில் 'அவன் பாறை மேல் ஏறினான்' என்று ஒரு வரியிற் படித்து முடிக்கிறோம். இங்கே அந்த ஒரு வரியை அடைய, கண்ட்ரோலரைப் பிடித்த கை ஒவ்வொரு பிடிமானத்தையும் தானே தேடவேண்டும். கல் பெயர்ந்து விழும், நெஞ்சு திடுக்கிடும், மறு கை பற்றும். வழியறியாது திகைத்து நிற்கையில், பாறையிற் சற்றே நிறம் மாறிய ஒரு விளிம்பு கண்ணிற் படும். அதனைக் கண்டுபிடித்தவன் நேதன் அல்லன், நாமே. ஆக்கியோன் நமக்கெனவே அதனை வைத்தான் என்று அறிவு கூறும். ஆயினும், நாமே கண்டோம் என்று மனம் மகிழும். நல்ல ஆசிரியன் மாணவனுக்கு விடையைச் சொல்லாமல், விடை இருக்கும் பக்கத்துக்கு அவன் முகத்தைத் திருப்பிவிடுவது போன்றது இவ்வித்தை.

அடுத்தது, நேதனின் குறிப்புப் புத்தகம். பழைய மண்டபம் ஒன்றில் சக்கரங்களும் சிலைகளும் புதிராக நிற்கும்போது, அவன் தன் புத்தகத்தைத் திறக்கிறான். அதிற் பென்சிலால் வரைந்த படங்களும், அவசரத்தில் எழுதிய குறிப்புகளும், இடையிடையே சில கேலிகளும் உள்ளன. ஆடுபவன் அப்படத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்து, ஒப்பிட்டு, முடிவு காண்கிறான். தடயம், ஒப்பீடு, ஊகம், சோதனை என்னும் இம்முறையிலன்றோ ஆராய்ச்சியாளரும் உண்மை காண்கின்றனர்? புதிர்கள் எளியவைதாம். ஆனால் ஓய்ந்த மூளையை அவை தட்டி எழுப்புகின்றன.

மூன்றாவது, வேகமும் அமைதியும் மாறிமாறி வருகின்ற அமைப்பு. இரண்டாம் கதை, பனிமலையின் விளிம்பில் தொங்கும் ரயில் பெட்டியிலிருந்து காயத்துடன் கதாநாயகன் மேலேறுவதிலே தொடங்குகிறது. துப்பாக்கியும் வெடியும் ஓயாத அக்கதையின் நடுவில் ஒரு திபெத்திய மலைக் கிராமம் வருகிறது. காயமுற்றுக் கிடந்தவனைக் காப்பாற்றிய டென்ஸின் என்பவருடன் அவன் அக்கிராமத்தில் நடக்கிறான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சிறுவர் விளையாடுகின்றனர், மாடுகள் நிற்கின்றன, முதியோர் வெயிலில் அமர்ந்திருக்கின்றனர். அதுவரை பகைவனைக் குத்துவதற்கு அழுத்திய அதே பொத்தானை இங்கே அழுத்தினால், நேதன் கிராமத்தாருடன் கைகுலுக்குகிறான். குத்தும் கையே நட்புக் கையாகிறது! இவ்வரிசை முழுவதிலும் இதைவிட உயர்ந்த இடம் வேறில்லை என்பது எனது துணிபு. விளையாட்டும் ஒரு கலையே என்பதற்குச் சான்று கேட்பாருக்கு இவ்வொரு பொத்தானைக் காட்டினாற் போதும்.

2022-ம் ஆண்டில் இக்கதை சினிமாவாக வந்தது. அழகிய நடிகர்கள் இருந்தனர். பறக்கும் கப்பல்களும் இருந்தன. ஆயினும் சுவை குன்றியது. காரணம் யாதெனில், சினிமாவில் நம் கை சும்மா இருந்தது. உழைப்பை நீக்கிவிட்டு வெறும் புதையலைக் காட்டினால், அது மினுக்கும் தகரமே.

பேயும் சாபமும்

பழங் கதைகளிற் புதையலைப் பூதம் காக்கும், சாபம் சூழும். அம்மூடநம்பிக்கையை நம்பிக் குறி கேட்டுப் பொருளிழந்தார் பலர், உயிரிழந்தாரும் உண்டு. 'அன்சார்ட்டட்' கதைகளிலும் சாபம் வருகிறது. ஆனால் கதை முதிர முதிர அதன் முகமூடி கழல்கிறது. முதற் கதையிற் பேய் போலத் தோன்றியவர்கள், பொன்னுருவத்துக்குள் அடைபட்டிருந்த பிணத்தினின்று பரவிய நோயால் மனிதத் தன்மை இழந்தவர்கள். மூன்றாம் கதையில் எரியும் பூதங்களாகத் தோன்றியவை, நஞ்சு கலந்த நீரைக் குடித்தவனின் மயக்கக் காட்சிகளே. நான்காம் கதையிற் பேயே இல்லை. அங்கே மனிதன் மனிதனைக் கொல்கிறான். அதற்கு மேல் ஒரு பேய் வேண்டுமா? ஒன்பது ஆண்டுகளில் இவ்வரிசை பூதத்தினின்று மனிதனுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளர்ச்சி பாராட்டத் தக்கது.

பொதுப் பெட்டியின் கதை

நான்காம் கதையே இவ்வரிசையின் சிகரம். அதன் கற்பனை ஒரு பழைய நூலிலிருந்து எழுந்தது. கடற்கொள்ளைக்காரரின் சரித்திரம் எனக் கூறி, காப்டன் சார்ல்ஸ் ஜான்ஸன் என்னும் பெயரில் இலண்டனில் வெளிவந்த நூலின் இரண்டாம் பாகம் 1728-ம் ஆண்டினது. அரசனுமின்றி அடிமையுமின்றி, எல்லாப் பொருளையும் பொதுவில் வைத்து, மடகாஸ்கரிற் கொள்ளைக்காரர் அமைத்த லிபர்ட்டாலியா என்னும் குடியரசைப் பற்றி அது கூறுகிறது. சரித்திர ஆசிரியர்கள் அதனைக் கட்டுக்கதை என்றே கொள்கின்றனர். விளையாட்டு அக்கட்டுக்கதையை உண்மையெனக் கொண்டு, 'பிறகு அந்நகருக்கு என்னவாயிற்று?' என்று வினவுகிறது.

விடை கொடியது. பேராசைக்காரரை வடித்தெறியும் சோதனைகளை வைத்து ஆட்களைச் சேர்த்த தலைவர்கள், பொதுப் பெட்டியிற் சேர்ந்த பொன்னைத் தங்கள் மாளிகைகளுக்கு மாற்றிக்கொண்டனர். ஏமாந்த மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்கிக் கூண்டுகளில் தொங்கவிட்டனர். பிறகு தலைவருள்ளும் சண்டை மூண்டது. ஏவரியும் டியூ என்பவனும் மற்றத் தலைவர்களை விருந்துக்கு அழைத்து நஞ்சிட்டனர். இறுதியில் அவ்விருவரும் பொன் நிறைந்த கப்பலில் ஒருவரையொருவர் வாளாற் குத்தி மடிந்தனர். எலும்புக்கூடுகளாக அவர்கள் கிடக்கும் கோலத்தைக் காணும்போது, உரைநடையில் நூறு பக்கம் எழுதினாலும் வாராத தெளிவு பிறக்கிறது. சங்கத்தின் பெயரால் சேர்ந்த பணம் சிலருடைய பெட்டிக்குப் போன கதையைக் கேட்டறியாத தொழிலாளர் நம்முள் உளரோ? லிபர்ட்டாலியாவின் தெருக்களில் நடக்கையில், அக்கதை அயல்நாட்டுக் கதையாக எனக்குத் தோன்றவில்லை.

இப்பெருங் கதைக்கு எதிரே ஒரு சிறு வீட்டின் கதையும் உண்டு. நேதன் களவை விட்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரில், நீரில் மூழ்கிய பொருள்களை எடுத்துத் தரும் கம்பெனியில் வேலை செய்கிறான். மனைவி எலெனாவும் அவனும் இராச்சாப்பாடு உண்டபின், பாத்திரம் கழுவுவது யார் என்பதைத் தீர்மானிக்கப் பழைய வீடியோ விளையாட்டு ஒன்றை ஆடுகின்றனர். அவள் பேசும்போது அவன் மனம் வேறெங்கோ அலைகிறது. மேல்மாடத்திற் பழைய பயணங்களின் நினைவுப் பொருள்களைக் கையிலெடுத்துப் பார்க்கிறான். நல்ல வாழ்வு கிடைத்த பின்னும், அபாயத்தைத் தேடும் மனம் அடங்குவதில்லை என்பதை இத்துணை மென்மையாகக் காட்டிய நாவல்களும் சிலவே. கதையின் முடிவில் எஞ்சிய சில பொற்காசுகளைக்கொண்டு எலெனா அக்கம்பெனியையே வாங்கிவிடுகிறாள். இருவரும் இனி ஒளிவின்றி, சட்டத்துக்கு உட்பட்டுத் தேடுவர். புதையலாக வாய்த்தது பொன்னன்று. ஒளிக்க வேண்டாத வாழ்வு.

ஆளில்லாத நிலம்

நிற்க. இதுவரை கூறியது புகழ். இனிக் குறையும் கூறவேண்டும். கூறாதது விமரிசனம் ஆகாது.

பழைய தோழன் போலத் தன் அண்ணன் சாம் வந்து அழைத்தவுடன், நேதன் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுப் புறப்படுகிறான். அப்பொய் யாது தெரியுமா? மலேசியாவுக்கு வேலையாகப் போகிறேன் என்பதே! என் தமக்கை மகன் இவ்விடத்திற் குதித்து, "மாமா, நம் நாடு, நம் நாடு!" என்று கூவினான். நானும் சிரித்தேன். பின்னர் யோசித்தேன். கதை முடியும்வரை மலேசியாவின் ஒரு மரத்தையோ மனிதரையோ நாம் காண்பதில்லை. அது தொலைவிலுள்ள ஓர் ஊர், போனேன் என்று சொன்னால் எவரும் போய்ப் பார்த்துச் சரி சொல்ல முடியாத ஊர், அவ்வளவே. நாம் பிறந்து உழைத்து வாழும் நாடு அக்கதையில் ஒரு பொய்க்குப் பெயராயிற்று.

இது சிறு விஷயம். ஆனால் இச்சிறு துளையின் வழியே பெரியதொன்று தெரிகிறது. மடகாஸ்கர் நகரச் சந்தையைப் பாருங்கள். பழக்கடைகளும் மக்கள் கூட்டமும் கண்ணைப் பறிக்கும் அழகு. அங்கே எடுத்த ஆப்பிளைக் குரங்கு போன்ற ஒரு பிராணி பறித்துக்கொண்டு ஓடுகிறது, நாமும் நகைக்கிறோம். சற்று நேரத்தில் துரத்தல் தொடங்குகிறது. இரும்புக் கவசம் பூண்ட வண்டியும் கதாநாயகனின் ஜீப்பும் அதே தெருக்களிற் கடைகளை உடைத்தும், வேலிகளைச் சாய்த்தும் பாய்கின்றன. அக்காட்சியின் திறமை அபாரம். ஆயினும், மறுநாட் காலையில் அக்கடைக்காரன் என்ன செய்தான்? அவன் பழங்களுக்கு யார் விலை கொடுத்தார்? விளையாட்டு திரும்பிப் பார்ப்பதில்லை. நிலம் அழகாயிருக்கிறது, நிலத்துக்குரியவன் இல்லை.

இனி, அப்பொன்னைப் பற்றியே கேட்போம். ஏவரியின் செல்வம் எங்கிருந்து வந்தது? இது கட்டுக்கதையன்று, சரித்திரம். 1695-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மெக்கா யாத்திரை முடிந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'கஞ்ச்-இ-சவாய்' என்னும் மொகலாயக் கப்பலை ஏவரியின் கூட்டத்தார் தாக்கினர். அது பாதுஷா ஔரங்கசீபுக்குரிய கப்பல். பயணிகள் பல நாட்கள் சித்திரவதைக்கு ஆளாயினர்; பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். வெகுண்ட பாதுஷாவின் அதிகாரிகள் சூரத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனியாரைச் சிறையிலிட்டனர். ஏவரியின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. 1696-ம் ஆண்டில் அவன் கூட்டத்தாருட் சிலர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டனர். ஏவரி மட்டும் அகப்படவேயில்லை; அவன் மறைந்துபோனதே எல்லாக் கட்டுக்கதைக்கும் வித்தாயிற்று.

விளையாட்டில் அக்கப்பலின் பெயர் வருகிறது. கொள்ளையின் மதிப்பும் பேசப்படுகிறது. அக்கப்பலிற் பிரயாணம் செய்த மக்கள் வருவதில்லை. ஏவரியின் சூழ்ச்சியும், துணிவும், வஞ்சகமும், முடிவும் அங்குலம் அங்குலமாக ஆராயப்படுகின்றன. அவன் கையால் அழிந்த யாத்திரிகருக்கு ஒரு சிலைகூட இல்லை. நேதன், சாம், ராஃபே ஆகிய மூவரும் 'யார் முதலிற் கண்டுபிடிப்பது?' என்று சண்டையிடுகின்றனர். 'இது யாருடையது?' என்று மூவரில் ஒருவரும் கேட்பதில்லை. பேராசை தீது என்று கதை கற்பிக்கிறது, மெய்யே. ஆனால் பேராசை ஏன் தீது? ஆசைப்பட்டவனையே அழிப்பதாலாம். அவன் முதலில் அழித்த பிறரை நினைந்தன்று. இஃது அரைப் பாடம்.

கொலையைப் பற்றியும் ஒரு சொல். இத்துணை இனியவனான நேதன், கதை முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோரைச் சுட்டு வீழ்த்துகிறான். பிறகு வழக்கம்போல் நகைச்சுவை பேசுகிறான். இம்முரண்பாட்டை விமரிசகர் பலர் சுட்டிக் காட்டினர். ஆக்கியோரும் அதனை அறிவர். நான்காம் கதையில் ஆயிரம் பகைவரைக் கொன்றவனுக்கு அளிக்கும் பரிசுக்கு, 'கதைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள முரண்' என்று பொருள்படும் அவ்விமரிசகரின் சொல்லையே கேலியாகப் பெயரிட்டனர். குற்றத்தைச் சொல்லிச் சிரிப்பது ஒரு சாமர்த்தியம். ஆனால் சிரிப்பு பரிகாரமாகாது.

குளோயியின் விடை

மேற்கூறிய குறைக்கு அக்கம்பெனியே ஒருவாறு விடை கூற முயன்றது. 2017-ம் ஆண்டில் வெளிவந்த 'லாஸ்ட் லெகஸி', அதாவது 'இழந்த மரபு', என்னும் கதை நேதனை விட்டு இரு பெண்களைத் தலைமைப் பாத்திரங்களாக்கியது. ஒருத்தி, இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி. மற்றொருத்தி, தென்னாப்பிரிக்காவின் நாடீன். ஆடவர் காப்பாற்ற வேண்டாத இரு பெண்கள் மலையேறியும், வண்டியோட்டியும், ஒருவரையொருவர் நம்பக் கற்றும் செல்லும் கதை அது. கதை நிகழிடம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. தேடும் பொருள் ஹொய்சளர் காலத்ததாகச் சொல்லப்படும் விநாயகர் தந்தம். குளோயியின் தந்தையும் அதனைத் தேடி உயிர் துறந்தவர்.

ஹொய்சளர் நமக்கு அந்நியரல்லர். போசளர் எனத் தமிழ்நாட்டுச் சரித்திரத்திற் குறிக்கப்படும் அவர்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணனூரிலும் தலைநகர் அமைத்து ஆண்டவர். அவர்களுடைய ஹளபேடு நகரம் விளையாட்டில் அருவிகளுக்கு நடுவே, மலையைக் குடைந்த மாபெருஞ் சிலைகளோடு தோன்றுகிறது. உண்மை ஹளபேடு அப்படியன்று. அது ஹாசன் மாவட்டத்துச் சமவெளியில் உள்ளது. ஹொய்சளச் சிற்பியின் பெருமை பருமனில் இல்லை, நுணுக்கத்தில் இருக்கிறது. வெட்டும்போது மென்மையாயிருக்கும் மாக்கல்லில், விரல் நுனி அளவு மணியையும், மணியைக் கோத்த நூலையும் வடித்தவன் அவன். பேலூர், ஹளபேடு, சோமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்க் கோயில்களும் 2023-ம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. ஓடியாடித் தாவுவதற்குப் பெரிய சிலை வேண்டும் என்பது விளையாட்டின் தேவை. அத்தேவைக்காக அக்கலையின் உயிரையே மாற்றியது குறைதான்.

மற்றொரு குறையும் உண்டு. இந்தியத் தந்தையின் மகளான குளோயிக்கும், கறுப்பினப் பெண்ணான நாடீனுக்கும் குரல் கொடுத்து நடித்தவர் வெள்ளையரே. பிறர் உருவம் வேண்டும், பிறர் ஊர் வேண்டும். பிறர் குரல் மட்டும் வேண்டா என்றால், அது நியாயமாகுமா?

எனினும் முடிவு நம்மை நிமிரச் செய்கிறது. உயிரைப் பணயம் வைத்து எடுத்த தந்தத்தைக் குளோயி விற்பதில்லை. இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சிடம் ஒப்படைக்க முடிவு செய்கிறாள். கதைத் தொடக்கத்தில் கடைத்தெருவிற் கண்ட மீனு என்னும் சிறுமியும் முடிவில் அவர்களோடு அமர்ந்து உண்கிறாள். மடகாஸ்கர்ச் சந்தையை உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராத வரிசை, இங்கே முதன்முறையாகத் திரும்பி வந்து அவ்வூர்க் குழந்தைக்கு உணவு கொடுக்கிறது. நான்கு கதைகளில் மூவரும் நால்வரும் கேளாத வினாவை, இந்தியத் தந்தையின் மகள் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

முடிவுரை

ஆகவே, இவ்விளையாட்டின் கவர்ச்சி யாது? உழைத்துத் தேடும் இன்பம், தடயத்தை ஒப்பிட்டு உண்மை காணும் இன்பம், தோழமையின் இன்பம். இவை மூன்றும் நல்லவை. பொன்னைப் பெரிதாகக் காட்டி, இறுதியில் அது பெரிதன்று எனக் கைவிரிக்கும் கதையமைப்பும் நல்லதே. இவற்றைத் தம் பிள்ளைகளுக்கு மறுக்கும் பெற்றோர், நல்ல நூலொன்றைப் பிடுங்கி எரித்தவரே ஆவர். ஆனால், தேடும் இடத்தில் வாழ்பவர் யார், தேடப்படும் பொருளை இழந்தவர் யார் என்னும் வினாக்களைப் பெரும்பாலும் விளையாட்டு நமக்காகக் கேளாது. அவற்றைக் கேட்க வேண்டியவர் அருகில் அமர்ந்திருப்பவரே.

நானும் கேட்டேன். ஏவரியின் கப்பல் எரிந்து ஆழ்ந்த இரவில், "தம்பி, அப்பொன் யாருடையது?" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. "கப்பலில் வந்தவர்களுடையது, மாமா. ஆனால் அவர்களை நாம் பார்க்கவேயில்லையே?" என்றான். அன்றிரவே அவன் 'கஞ்ச்-இ-சவாய்' பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினான். மறுநாட் காலையில் எனக்கும் படித்துக் காட்டினான்.

பெற்றோரே, விளையாடும் பிள்ளையை வையாதீர். தனியே விட்டுவிட்டும் போகாதீர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமருங்கள். பாறையில் அவன் பற்ற வேண்டிய பிளவை நீங்களும் தேடுங்கள். பொன் தோன்றும்போது மட்டும் அந்த ஒரு வினாவை மறவாமற் கேளுங்கள்.